லிங்க் ஹவுஸ் மாடியில ஒரு ஸ்டீரியோ ரூம்

ஸ்டீரியோ செட்டை ஹால்ல வைக்காதீங்க. முடிஞ்சா வேற ரூம் பாருங்க, சின்ன ரூமா இருந்தாலும் பரவால்ல. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா புது வீடு வாங்குற நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேரு டிவி கேபினெட் அடிக்கும்போதே ரெண்டு பக்கமும் ஸ்பீக்கருக்கு ஒரு பொந்து விட்டு கட்டச் சொல்லிடுறாங்க, அப்புறம் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரை வாங்கி அந்தப் பொந்துக்குள்ள வச்சாலும் பாட்டு டிவிக்குப் பின்னாடி இருந்து வர்ற மாதிரி தான் இருக்கும். கோலாலம்பூர்ல நாம வாங்குற லிங்க் ஹவுஸ், அதாவது வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின வீடு, அதோட ஹாலை யோசிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் பக்கத்து வீட்டோட சேர்ந்த செங்கல் சுவரு, இன்னொரு பக்கம் மாடிப்படி திறந்து கிடக்கும், பின்னாடி சாப்பாட்டு மேசை, அதுக்கும் பின்னாடி கிச்சன். இடது ஸ்பீக்கர் சத்தம் சுவருல பட்டுத் திரும்பி வரும், வலது ஸ்பீக்கர் சத்தம் படியேறி மேல போயிடும். பாடுறவங்க குரல் நடுவுல நிக்கவே நிக்காது, சுவரு பக்கமா சாஞ்சு போயி நிக்கும்.

அதோட ஹால்னா எல்லாருக்கும் சொந்தமான இடம். அம்மா நாடகம் பார்க்கணும், பிள்ளைங்க ஓடணும், சொந்தக்காரங்க வருவாங்க. பாட்டு கேக்குறதுக்குன்னு ஒரு நாற்காலியை ரூம் நடுவுல இழுத்துப் போட்டா யாராச்சும் அதுல தடுக்கி விழுவாங்க.

நாங்க செந்தூல் ஃப்ளாட்ல இருந்து செகாம்புட் பக்கம் ஒரு பழைய டபுள் ஸ்டோரி லிங்க் ஹவுஸுக்கு மாறி வந்தோம். மேல மூணு ரூம். முன் ரூம் தான் பெருசு, ஆனா அது ரோட்டைப் பார்த்த ரூம், காடி மோட்டார் சத்தம் விடாது, அதோட போர்ச்சுக்கு மேல முன்னாடி இருந்தவங்க போட்டுட்டுப் போன அவ்னிங் இருக்கு, சாயங்கால மழை பிடிச்சா அந்தத் தகடு மேல கொட்டுற சத்தத்துல பக்கத்துல பேசுறதே கேக்காது. ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர் நவம்பர்ல கேஎல்ல மழை எப்படின்னு உங்களுக்குத் தெரியும். பின்னாடி ரெண்டு ரூம், அதுல ஒண்ணு கிச்சன் நீட்டிக் கட்டின கூரைக்கு நேர் மேல இருக்கு, அந்தக் கூரையும் தகடு தான். மிச்சம் இருந்த ரூமைத்தான் எடுத்தேன். 12 அடி நீளம், 10 அடி அகலம், சீலிங் உயரம் 10 அடி. ஜன்னல் பின் சந்தைப் பார்த்து இருக்கு, அந்தச் சந்துல ராத்திரி ஒரு பூனை கூட நடக்குறதில்ல.

வீடு வாங்குறவங்க வீட்டுச் சாமான் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணிப் பாருங்க. காலி ரூம் நடுவுல நின்னு ஒரு தடவை பலமா கை தட்டுங்க. செங்கல் சுவரு, சிமெண்டு பூச்சு, போர்சலின் டைல்ஸ், காங்கிரீட் தளம், நம்ம வீட்டுல எதுவுமே சத்தத்தைக் குடிக்காது, எல்லாம் திருப்பி அடிக்கும். தட்டின கைக்குப் பின்னாடி ட்ர்ர்ர்னு கம்பி அதிர்ற மாதிரி ஒரு வால் வரும். எதிரெதிர் சுவருக்கு நடுவுல சத்தம் பந்து மாதிரி போயி வந்து போயி வந்து அடங்குற வால் அது. அமெரிக்காக்காரங்க ஜிப்சம் போர்டு சுவரும் மரத்தளமும் வச்சுக்கிட்டு எழுதுற ஆலோசனை நமக்கு அப்படியே செல்லாததுக்குக் காரணமே இது தான், அவங்க சுவரு பேஸ் சத்தத்துல, அதாவது கும்முனு வர்ற கீழ் சுர சத்தத்துல, கொஞ்சத்தைத் தானே அதிர்ந்து குடிச்சிடும், நம்ம செங்கல் சுவரு அதுல பெரும்பகுதியை ரூமுக்குள்ளயே வச்சிக்கும்.

இப்ப கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க. நம்ம சூட்டுல காத்துல சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 349 மீட்டர் போகும். எதிரெதிரா இருக்குற எந்த ரெண்டு சுவருக்கு நடுவுலயும் ஒரு குறிப்பிட்ட சுரமும் அதோட மடங்குகளும் அப்படியே தேங்கி நிக்கும், அதுல ஆகக் கீழ இருக்குற சுரத்தைக் கண்டுபிடிக்க சத்தத்தோட வேகத்தை ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா போதும். என் ரூமோட 12 அடிக்கு அது சுமார் 48 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 48 அதிர்வு), 10 அடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். சீலிங்கும் 10 அடி தானே, அதுக்கும் அதே 57. அகலமும் உயரமும் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒரே சுரத்துல சேர்ந்து வீங்கும். பேஸ் கித்தார்ல ஏ தந்தியை சும்மா தட்டினா 55, அதுக்கு அடுத்த ஃப்ரெட்டு 58, அதாவது என் ரூம் வீங்குற இடம் இந்த ரெண்டு சுரத்துக்கும் நடுவுல வந்து உக்காருது. பேஸ் கித்தார் வாசிக்கிறவரு ஒரே மாதிரி வாசிச்சிட்டுப் போவாரு, அந்த சுரம் வந்தா மட்டும் கும்முனு ரூமே நிறைஞ்சு பக்கத்து சுரம் எல்லாம் அதுக்குள்ள மூழ்கிடும். இளையராஜா பாட்டுல பேஸ் கித்தார் எப்படி தனியா ஒரு மெட்டு போட்டுக்கிட்டு குரலுக்குக் கீழ நடந்து போகும்னு தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சதுர ரூம் இருந்தா, 10க்கு 10, சீலிங்கும் 10னா, அதை விட்டுடுங்க. மூணு பக்கமும் ஒண்ணா சேர்ந்தா எந்த ஆம்ப்ளிஃபயரும் காப்பாத்தாது.

சாமான் வாங்குற விஷயத்துல எனக்கு ஒரு முடிவு இருந்தது, ரூம் ஒழுங்காகுற வரைக்கும் புது செட்டுக்கு ஒரு வெள்ளி கூட செலவு பண்றதில்ல. ஃப்ளாட்ல வச்சிருந்த அதே டூ-வே வார்ஃபடேல் ஸ்பீக்கர், அதே இன்டகிரேட்டட் ஆம்ப், அதே சிடி பிளேயர். எங்க தாமான்லயே (குடியிருப்புலயே) ஒருத்தர் அறுபதாயிரம் வெள்ளிக்கு மேல சாமான் வச்சிருக்காரு, நல்ல மனுஷன், கூப்பிட்டு உக்கார வச்சு பாட்டுப் போட்டுக் காட்டினாரு, ஸ்பீக்கர் ரெண்டும் மூலைக்கு மூலை சுவரோட ஒட்டி இருக்கு, கண்ணாடி மேசை நடுவுல. என் பழைய ஸ்பீக்கரு இப்ப இந்த ரூம்ல பாடுற அளவுக்கு அது அங்க பாடல. சாமான் மட்டமில்ல, அதுக்கு மூச்சு விட இடம் கொடுக்கல, அவ்வளவு தான்.

எந்தச் சுவருல ஸ்பீக்கர் வைக்கிறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டைப் பத்தி யோசிச்சேன். இடது பக்கம் நீளச் சுவரு எங்களுக்கும் பக்கத்து வீட்டு சீன அங்கிளுக்கும் பொது. பேஸ் சத்தம் காத்துல மட்டும் போகாது, சுவரு வழியா தளம் வழியா ஏறிப் போயிடும். அதனால ஸ்பீக்கரை அந்தச் சுவருக்கு ஒட்டாம, ஜன்னல் இருக்குற குட்டைச் சுவரு பக்கம் வச்சு நீளவாக்குல பார்க்க வச்சேன். சத்தம் ஓடுறதுக்கும் 12 அடி கிடைக்குது. ஸ்டாண்டு குழாய்க்குள்ள காஞ்ச மணலைக் கொட்டி கனமாக்கினேன், கதவுக்கு அடியில இருந்த இடைவெளிக்கு ரப்பர் பட்டை அடிச்சாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அங்கிள்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு, மனைவியை இங்க பாட்டுப் போடச் சொல்லிட்டு, நான் அவங்க வீட்டு மாடியில அந்தச் சுவரு பக்கத்துல போயி நின்னேன். சுவருல காதை வச்சா லேசா ஒரு துடிப்பு, ரெண்டு அடி தள்ளி வந்தா ஒண்ணும் இல்ல. அங்கிள் தலையாட்டினாரு, "தாக் டெங்கார் லா, ஓகே லா"னாரு, அதாவது ஒண்ணும் கேக்கலன்னு. இருந்தாலும் ராத்திரி பத்துக்கு மேல வால்யூம் இறக்கிடுவேன்னு நானே சொல்லிட்டு வந்தேன். சூராவ்ல, அதாவது பக்கத்துல இருக்குற சின்னத் தொழுகைக் கூடத்துல, பாங்கு சொல்ற நேரத்துலயும் நிறுத்திடுறது. நாம சேர்ந்து ஒட்டி வாழுற ஊரு இது, பாட்டு கேக்குற சந்தோஷம் பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கத்துல இருந்து பிடுங்கினதா இருக்கக் கூடாது.

அடுத்தது தான் முக்கியமான வேலை, இதுக்கு காசே ஆகாது, பொறுமை தான் வேணும். ஸ்பீக்கர் வைக்கிற இடம்.

முதல்ல நாற்காலி. சரியா ரூம் நடுவுல உக்காரக் கூடாது, அந்த 48 ஹெர்ட்ஸ் அலைக்கு ரூம் நடுவுல தான் பள்ளம், பேஸ் காணாமப் போயிடும். பின் சுவரோட ஒட்டியும் உக்காரக் கூடாது, அங்க அதே அலை மலை மாதிரி குவிஞ்சு நிக்கும். பின் சுவருல இருந்து நாலரை அடி கிட்ட காது வர்ற மாதிரி நாற்காலியைப் போட்டேன், ரூம் நீளத்துல 38 சதவீதம்னு ஆடியோக்காரங்க சொல்ற கணக்கு கிட்டத்தட்ட இது தான், அங்க இருந்து ஆரம்பிச்சு முன்ன பின்ன நகர்த்திக்கலாம். ஸ்பீக்கர் முகம் ஜன்னல் சுவருல இருந்து 3 அடி, பக்கச் சுவருக்கு 2 அடி 4 அங்குலம், ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல 5 அடி 4 அங்குலம், ஒவ்வொரு ஸ்பீக்கர்ல இருந்தும் என் காதுக்கும் அதே 5 அடி 4 அங்குலம். சம முக்கோணம். ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்குற சுவரு தூரமும் பக்கச் சுவரு தூரமும் ஒரே அளவா இல்லாம பார்த்துக்கங்க, ஏன்னா சுவருல பட்டுத் திரும்புற சத்தம் நேரா வர்ற சத்தத்தோட மோதி ஒரு சுரத்தை அழிச்சிடும், 3 அடி தூரத்துல அது சுமார் 95 ஹெர்ட்ஸ்ல விழும், எல்லா தூரமும் ஒண்ணா இருந்தா எல்லாக் குழியும் ஒரே இடத்துல விழுந்து பெரிய பள்ளமாயிடும்.

டேப் வச்சு அளக்கும்போது சித்தப்பா பையன் வந்திருந்தான். டைல்ஸ் மேல மாஸ்கிங் டேப் ஒட்டி பேனாவுல கோடு போட்டுக்கிட்டே போனோம். அவன் ஸ்பீக்கரை நகர்த்துவான், நான் கண்ணை மூடி உக்காந்திருப்பேன். இதுக்கு நான் போடுறது ஸ்டீரியோ பாட்டு இல்ல, அறுபதுகள்ல வந்த மோனோ பாட்டு. டி.எம்.எஸ், சுசீலாம்மா பாடுன அந்தக் காலத்துப் பாட்டு எல்லாமே ஒரே சேனல் தானே, இடது வலது ரெண்டு ஸ்பீக்கருலயும் அச்சு அசல் ஒரே சத்தம், அதனால ஸ்பீக்கர் சரியா நின்னா குரல் ரெண்டுக்கும் நடுவுல காத்துல ஒரு புள்ளியில வந்து நிக்கணும், ஸ்பீக்கர்ல இருந்து சத்தம் வர்ற மாதிரியே தெரியக் கூடாது. குரல் அகலமா பரவிக் கிடந்தா, இல்ல ஒரு பக்கம் சாஞ்சா, எங்கயோ தப்பு இருக்கு. பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு, குரல் கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது, "அண்ணே, இன்னும் தள்ளவா?"ன்னு கேக்குறான், வலது ஸ்பீக்கரை ஒரு விரல் அகலம் முன்னாடி எடுக்கச் சொன்னேன், எடுத்தான், இன்னும் ஒரு விரல், அந்த நிமிஷம் டி.எம்.எஸ் டக்குனு வந்து ஜன்னல் திரைக்கு முன்னாடி நடுவுல நின்னாரு. வாய் இருக்குற உயரம் கூடத் தெரிஞ்சது. அவனை நாற்காலியில உக்கார வச்சேன், அவன் எழுந்து போயி ஸ்பீக்கர் பக்கத்துல காதை வச்சுப் பார்த்துட்டு வந்தான், "ரெண்டும் பாடுதா இல்ல நடுவுல வேற ஒண்ணு வச்சிருக்கியா?"ன்னு கேட்டான்.

ஒரு விரல் அகலத்துக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்னா, சத்தம் ஒரு அடி போக ஒரு மில்லிசெகண்ட் கூட எடுக்காது, ஆனா நம்ம காது அதுலயும் சின்னதா வெட்டிப் பார்க்கும். ஒரு சத்தம் நேர் பக்கத்துல இருந்து வந்தா ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் வர்ற நேர வித்தியாசம் அதிகபட்சமே 0.65 மில்லிசெகண்ட் கிட்ட தான். ஒரு ஸ்பீக்கர் ரெண்டு அங்குலம் கிட்ட இருந்தாலே 0.15 மில்லிசெகண்ட் முந்தி வந்துடும், அதுக்கே குரல் நகர்ந்துடும். இந்த ரெண்டு ஸ்பீக்கர் வித்தையை 1931லயே இங்கிலாந்துல இஎம்ஐ கம்பெனி இன்ஜினியர் ஆலன் ப்ளூம்லைன் பேட்டன்ட் எழுதி வச்சுட்டாரு. சினிமா தியேட்டர்ல நடிகர் திரையில ஒரு பக்கம் இருக்காரு, சத்தம் வேற பக்கத்துல இருந்து வருதேன்னு தோணினது தான் ஆரம்பம்னு சொல்லுவாங்க. தமிழ்ல ஸ்டீரியோவுல பதிவான முதல் படப் பாட்டு 1978ல வந்த பிரியா படத்தோடதுன்னு சொல்லுவாங்க, அதைப் போட்டா இப்பவும் பிரமிப்பா இருக்கு, வாத்தியங்களை எவ்வளவு ஆசையா இடது வலதுன்னு பிரிச்சு வச்சிருக்காங்கன்னு கேக்கலாம். ஃப்ளாட்ல இருந்தப்ப அது எனக்கு வெறும் பாட்டு, இப்ப யாரு எங்க உக்காந்து வாசிக்கிறாங்கன்னு தெரியுது.

இடம் முடிவான அப்புறம் தான் சுவரு. கண்ணாடி வித்தை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், நீங்க நாற்காலியில உக்காருங்க, இன்னொருத்தரைப் பக்கச் சுவருல ஒரு சின்னக் கண்ணாடியைத் தேச்சு நகர்த்தச் சொல்லுங்க, கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கரோட ட்வீட்டர் (மேல் சுரத்தைப் பாடுற சின்னக் கூம்பு) எங்க தெரியுதோ அந்த இடத்துல தான் சத்தம் பட்டு உங்க காதுக்கு வருது, அங்க ஏதாவது மெத்துனு வைக்கணும். முட்டை அட்டை மாதிரி இருக்குற மெல்லிசு ஸ்பாஞ்சு ஆன்லைன்ல மலிவா கிடைக்குது, அதை வாங்காதீங்க, அது மேல் சுரத்தை மட்டும் குடிச்சிட்டு ரூமை மந்தமாக்கிடும், நடுச் சுரத்துக்கும் கீழ் சுரத்துக்கும் அது இருக்குறதே தெரியாது. நான் தச்சரை வச்சு 4 அடிக்கு 2 அடி மரச்சட்டம் அடிச்சு அதுக்குள்ள 4 அங்குல ராக்வூல், அதாவது கல்லை உருக்கிச் செஞ்ச பஞ்சுப் பலகை, வச்சு துணி போட்டு மூடினேன். ராக்வூல் கை அரிக்கும், கையுறை முகமூடி போடாம தொடாதீங்க, குழந்தைங்க இருக்குற வீட்டுல ரூமுக்கு வெளிய போர்ச்சுல வச்சு செய்ங்க.

துணி வாங்க ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் போனோம். துணி எதுவா இருந்தாலும் பரவால்ல, காத்து போகணும். சோதிக்கிறது சுலபம், துணியை வாய் மேல வச்சு ஊதிப் பாருங்க, மூச்சு அந்தப் பக்கம் கையில பட்டா சத்தமும் போகும். கடையில நான் ஒவ்வொரு ரோலா பிரிச்சு ஊதிக்கிட்டே போக கடை அக்கா வந்து என்ன பார்க்குறீங்கன்னு கேட்டாங்க, விஷயத்தைச் சொன்னதும் உள்ள போயி தளர்வா நெஞ்ச ஒரு பருத்தித் துணியைத் தேடி எடுத்துட்டு வந்து அவங்களே ஊதிக் காட்டினாங்க, "இது தான் உங்களுக்கு"ன்னாங்க. அது தான் இப்ப சுவருல இருக்கு, மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், மனைவி தேர்ந்தெடுத்தது. ஜன்னலுக்கு கனமான திரையும் அங்கேயே எடுத்தாச்சு, அதை ஜன்னல் அகலத்தோட ரெண்டு மடங்கு எடுத்து மடிப்பு மடிப்பா விடணும், தட்டையா இழுத்து விட்டா பிரயோஜனம் கம்மி. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவுல தரையில தடிமனா ஒரு கார்ப்பெட். இவ்வளவு போட்டுட்டு மறுபடி கை தட்டினேன், அந்த ட்ர்ர்ர் போச்சு. ஆனா ரூம் செத்துப் போகல, பேச்சு இயல்பா இருந்தது, அது முக்கியம், எல்லாச் சுவரையும் மூடிட்டீங்கன்னா பாட்டுல உயிரு இருக்காது.

57 ஹெர்ட்ஸ் விஷயம் இதுல தீராது. அந்த அலையோட நீளம் ஆறு மீட்டருக்கு மேல, 4 அங்குலப் பலகை அதை ஒண்ணும் பண்ண முடியாது. ஜன்னல் பக்கத்து ரெண்டு மூலையிலயும் தரையில இருந்து ஆள் உயரத்துக்கு மேல ராக்வூலை அடுக்கி முக்கோணமா மூடினேன், கொஞ்சம் அடங்குச்சு. மிச்சத்துக்கு அளந்து பார்க்கணும். ஆர்.ஈ.டபிள்யூன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், யூஎஸ்பில போடுற யூமிக்-1 மைக் ஒண்ணு இருந்தா போதும், காது இருக்குற இடத்துல மைக்கை நிறுத்தி கீழ் சுரத்துல இருந்து மேல் சுரம் வரைக்கும் ஒரு ஊளைச் சத்தம் விட்டா ரூம் எங்க வீங்குது எங்க பள்ளம்னு கோடு போட்டுக் காட்டிடும். 57 கிட்ட நல்லா ஒரு கொம்பு நின்னுச்சு, கணக்குல பார்த்ததை அப்படியே திரையில பார்த்தப்ப ஒரு சந்தோஷம் தான். அந்தக் கொம்பை மட்டும் ஈக்வலைசர்ல, அதாவது வேணும்ங்கிற சுரத்தை மட்டும் கூட்டிக் குறைக்கிற வசதியில, வெட்டினேன். கொம்பை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பாதீங்க, பள்ளத்துல எவ்வளவு சத்தம் ஊத்தினாலும் அது ரத்தாகிக்கிட்டே தான் இருக்கும், ஆம்ப்ளிஃபயரும் வூஃபரும் (பேஸ் பாடுற பெரிய கூம்பு) தான் திணறும்.

வெளிநாட்டு ஆடியோ புத்தகத்துல இல்லாத ஒரு எதிரி நமக்கு இருக்கு, ஈரம். ஃபோம் எட்ஜ், அதாவது கூம்பைச் சுத்தி ஸ்பாஞ்சு விளிம்பு, வச்ச பழைய ஸ்பீக்கர் எல்லாம் நம்ம ஊருல சில வருஷத்துலயே விளிம்பு பொடிப்பொடியா உதிர்ந்து போகும், யூஸ்டு செட்டு வாங்குறவங்க வலையைக் கழட்டி விளிம்பை விரலால லேசா தொட்டுப் பார்த்துட்டு வாங்குங்க, ரப்பர் எட்ஜா இருந்தா நிம்மதி. ஜாலான் பாசார் பக்கம் போனா சாமான், பார்ட்ஸ், ஒயரு எல்லாம் தேடலாம், அந்தத் தெருவுல நடந்தா எனக்கு நேரம் போறதே தெரியாது. எல்பி தட்டு வச்சிருக்குறவங்க உறையில பூஞ்சை பிடிக்காம பார்த்துக்கணும், ஞாயித்துக்கிழமை ஆம்கார்ப் மால்ல பழைய தட்டு வாங்கிட்டு வந்தா முதல்ல கழுவி புது உள்ளுறைக்கு மாத்துங்க. நான் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சுற டிஹியூமிடிஃபயர் ஒண்ணை ரூம்ல வச்சு பாட்டு கேக்காத நேரத்துல ஓட விடுறேன், அதுல சேருற தண்ணியைப் பார்த்தா நாம எந்தக் காத்துல வாழுறோம்னு புரியும்.

சீலிங் ஃபேன் வேண்டாம், பாட்டு ஓடும்போது இறக்கை சுத்துறது குரலை லேசா வெட்டி வெட்டி விடும், வீணை மாதிரி நீண்டு ஒலிக்கிற வாத்தியத்துல நல்லாவே தெரியும். ஏர்கான் இன்வெர்ட்டர், முன்னாடியே போட்டு ரூமைக் குளுர வச்சுட்டு கேக்கும்போது ஆகக் கம்மியான காத்துல விட்டுடுவேன். இந்தக் காரணத்துக்காகவே கிளாஸ் ஏ ஆம்ப் பக்கம் நான் போகல, பாடினாலும் பாடாட்டியும் நூறு வாட்டுக்கு மேல சூடு கக்கிக்கிட்டே இருக்குற ஒரு சாமானை பூட்டின சின்ன ரூம்ல வச்சா ஏர்கானுக்கும் அதுக்கும் தான் சண்டை.

கரன்ட் விஷயம் சுருக்கமா. லைசன்ஸ் உள்ள வயர்மேனை வச்சு டிபி பாக்ஸ்ல (வீட்டுக் கரன்ட்டைப் பிரிச்சு விடுற பெட்டி) இருந்து இந்த ரூமுக்கு மட்டும் தனி லைன் இழுத்தாச்சு, எர்த்து சரியா இருக்கான்னு அளந்தும் பார்க்கச் சொன்னேன், பழைய வீட்டுல அது முக்கியம். ஸ்பீக்கர் ஒயருக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணாதீங்க. 3 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரு போதும், போக வர சேர்த்து அதோட தடை 0.05 ஓம் கூட வராது, ஸ்பீக்கரோ 8 ஓம். இதைச் சொன்னா சில நண்பர்களுக்குக் கோபம் வரும், வரட்டும், அந்தக் காசுக்கு துணியும் ராக்வூலும் வாங்கச் சொல்றேன். இடி இடிச்சா பிளக்கைப் பிடுங்கிடுங்க. சர்ஜ் புரொடெக்டர் போட்டிருந்தாலும் பிடுங்குங்க, கேஎல் மின்னல் சும்மா இல்ல, ஏரியல் ஒயரையும் இன்டர்நெட் ஒயரையும் சேர்த்துக் கழட்டணும், மின்னல் அந்த வழியாவும் வரும்.

எங்க வீட்டுல ஏரியல் ஏன்னா அம்மாவுக்காக. காலையில மின்னல் எஃப்எம் 96.3 இந்த ரூம்ல தான் ஓடுது. ரேடியோ ஆறுன்னு பேரு இருந்த காலத்துல இருந்து கேக்குறவங்க, எஸ்டேட்ல இருந்தப்ப ஒரே ஸ்பீக்கர் வச்ச டிரான்சிஸ்டர்ல கேட்டவங்க. முதல் நாள் நாற்காலியில உக்கார வச்சு பழைய பாட்டு ஒண்ணைப் போட்டப்ப கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பின்னாடி தம்புரா போட்டுக்கிட்டே இருக்காங்கடா, இத்தனை வருஷமா எனக்கு அது கேட்டதே இல்ல"ன்னாங்க. அந்தப் பாட்டு அவங்களுக்கு வரி வரியா மனப்பாடம். இதுக்காகத்தான் இவ்வளவு அளந்தது.

இன்னும் பாக்கி இருக்குறது பின் சுவரு. நாற்காலிக்குப் பின்னாடி நாலரை அடியில வெறும் சுவரு, அதுல பட்டு வர்ற சத்தத்தை நான் குடிக்க வைக்க விரும்பல, சிதறடிக்கணும், அதுக்கு சிடியும் புத்தகமும் வெவ்வேறு ஆழத்துல அடுக்குற மாதிரி ஒரு ரேக் தச்சர்கிட்ட சொல்லியிருக்கேன், தட்டு உயரம் எல்லாம் ஒண்ணா இல்லாம ஏத்த இறக்கமா வரும். அது வந்து நின்னதும் மைக்கை வச்சு அளந்து, ரேக் வர்றதுக்கு முன்னாடி எடுத்த கோடு, வந்த பின்னாடி எடுத்த கோடு ரெண்டையும் போட்டுக் காட்டுறேன். உங்க வீடும் இதே மாதிரி லிங்க் ஹவுஸ்னா ரூம் நீளம் அகலம் உயரம் மூணையும், கதவு ஜன்னல் எந்தச் சுவருலன்னும் எழுதுங்க, ஸ்பீக்கரை எங்க இருந்து ஆரம்பிக்கலாம்னு சேர்ந்து பார்க்கலாம்.